ஒரே நாளில் ஐந்து கடனட்டை: ஸ்காபரோவின் யோசனை புளியங்கூடலில் எடுபடுமா?

மாலை ஆறு மணி. புளியங்கூடலில் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று பேர் இருந்தோம். நாலாவது ஆள் வாட்ஸப்பில். ஸ்காபரோவில் அப்போது காலை எட்டரை. வேலைக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தம்பி பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, போன வருசம் நான் ஒரே நாளில அஞ்சு காட் எடுத்தனான். உடுப்புக் கடை, தளபாடக் கடை, ஹார்ட்வெயார் கடை எண்டு ஒவ்வொரு கடையிலயும் ஒண்டு. மூண்டு நாலு மாசத்தில ஸ்கோர் ஏறிச்சுது. நீங்களும் சின்னச் சின்னதா நாலைஞ்சு லோனை எடுத்து ஒழுங்காக் கட்டுங்கோ. கிரிப் தன்பாட்டில திருந்தும்."

அக்கா என்னைப் பார்த்தார். "பிள்ளை, இவன் சொல்லுறது சரியே? போன கிழமை யாழ்ப்பாணத்தில ஒரு புரோக்கரும் இதையேதான் சொன்னவன்."

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பாதியில் நிற்கும் வீட்டை முடிக்கவும் மாட்டுக் கொட்டில் ஒன்று போடவும் ஐந்து இலட்சம் ரூபா கேட்டு வங்கிக்குப் போயிருக்கிறார். படிவம் நிரப்பி, பிணைகாரர் இருவரைக் கூட்டிப்போய், அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்து இரண்டு கிழமை காத்திருந்த பிறகு, "உங்களுக்குக் கிரிப்பில பிரச்சினை இருக்கு" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. என்ன பிரச்சினை என்று யாரும் விளக்கவில்லை. தான் எடுத்த கடன் ஒன்றையும் கட்டாமல் விட்டதில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். தம்பி சொன்ன வழி ஒன்று. தரகர் சொன்ன வழி இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன: கடனால் வந்த பிரச்சினையை இன்னும் கடன் எடுத்துத் தீர்க்கலாம் என்பது.

தம்பி சொன்னது முழுப் பொய் அல்ல. பாதி உண்மை. அதனால்தான் அதை மறுப்பது சிரமமாக இருக்கிறது.

கனடாவில் ஒருவருடைய கடன் நம்பகத்தன்மையை 300 முதல் 900 வரையான ஒரு எண்ணாக மாற்றி வைத்திருக்கிறார்கள். ஈக்விபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் இந்தத் தகவல்களைச் சேகரிக்கின்றன. வீட்டுக்கடன், கார் கடன், சில இடங்களில் வாடகை வீடுகூட இந்த எண்ணைப் பார்த்துத்தான் கிடைக்கும். புதிதாகப் போய் இறங்குபவருக்கு அந்த எண்ணே இருக்காது. இருபது வருடம் யாழ்ப்பாணத்தில் கடை நடத்தி ஒரு சதம் கடன் வைக்காதவராக இருந்தாலும், ரொறன்ரோவில் அவர் வரலாறு இல்லாத மனிதர். அண்மைய ஆண்டுகளில் விசிற்றர் விசாவில் போய் இறங்கிய எங்கள் இளைஞர்களில் பலர் முதலில் முட்டிக்கொண்ட சுவர்களில் இதுவும் ஒன்று. வங்கி அட்டை தர மறுக்கும்போது கைகொடுப்பது கடை அட்டை. காசாளர் மேசையில் நிற்கும்போதே "இன்றைய கொள்வனவில் கழிவு வேண்டுமா?" என்று கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் விண்ணப்பம் முடிந்துவிடும். வங்கி அட்டையைவிட இது எளிதாகக் கிடைக்கும், எல்லை சிறியது, வட்டி பெரியது.

ஸ்கோர் ஏன் ஏறுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒருவரிடம் ஐந்து வருடப் பழைய அட்டை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். எல்லை 2,000 டொலர். அதில் 1,200 டொலர் பாவித்திருக்கிறார். அதாவது 60 வீதம். இந்த வீதம் 30க்குக் கீழே இருப்பது நல்லது என்பது கனடாவில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. இப்போது அவர் தலா 1,000 டொலர் எல்லையுடன் ஐந்து கடை அட்டைகளை எடுத்து எதையும் வாங்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டால், மொத்த எல்லை 7,000 ஆகிவிடும். பழைய 1,200 அப்படியே இருக்கிறது. பாவனை 60 வீதத்திலிருந்து ஏறத்தாழ 17 வீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு சதமும் கடன் குறையவில்லை, ஆனால் எண் அழகாகிவிட்டது.

இதே கணக்கின் மறுபக்கத்தை யாரும் ரிக்ரொக்கில் சொல்வதில்லை. அவருடைய கடன் கணக்குகளின் சராசரி வயது 60 மாதமாக இருந்தது. ஒன்றும் ஐந்தும் ஆறு அட்டைகள். 60 மாதத்தை ஆறால் பிரித்தால் 10 மாதம். ஐந்து வருட வரலாறு உள்ளவர் ஒரே நாளில் பத்து மாதக்காரர் ஆகிவிட்டார். அதோடு ஐந்து விண்ணப்பங்களும் ஐந்து விசாரணைகளாகப் பதிவாகும். அந்தப் பதிவு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் அறிக்கையில் கிடக்கும். அமெரிக்காவின் ஃபைகோ நிறுவனம் தன் கணிப்பில் எதற்கு எவ்வளவு இடம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது: தவணை தவறாமல் கட்டியதற்கு 35 வீதம், கடன் அளவுக்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15, புதிய கடனுக்கு 10, கடன்களின் வகைக்கு 10. ஐந்து அட்டை வித்தை இரண்டாவதை உயர்த்தி, மூன்றாவதையும் நாலாவதையும் குத்துகிறது. முதலாவதைப் பற்றி அது எதுவும் செய்வதில்லை, செய்யவும் முடியாது. ஒரே நாளில் ஐந்து இடத்தில் கடன் கேட்ட ஒருவரை வங்கி அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பதற்குப் புள்ளிவிபரம் தேவையில்லை. ஊரில் ஒருவர் ஒரே நாளில் ஐந்து வீட்டுக் கதவைத் தட்டிக் கைமாற்றுக் கேட்டால் நாம் என்ன நினைப்போமோ அதுதான்.

அட்டைகளை "எதையும் வாங்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டால்" என்று எழுதினேன். முழு வித்தையும் அந்த நிபந்தனையில்தான் தொங்குகிறது. கடை அட்டையைக் கடைகள் தருவது உங்கள் ஸ்கோரை உயர்த்துவதற்காக அல்ல. பெட்டிக்குள் வைக்கப்படும் அட்டையால் கடைக்கு ஒரு இலாபமும் இல்லை. நான் துருவிக் கேட்டபோது தம்பியும் ஒப்புக்கொண்டார். தளபாடக் கடை அட்டையில் ஒரு சோபா, பிறகு ஒரு ரிவி, பிள்ளைக்கு ஒரு கட்டில். மொத்தம் மூவாயிரம் டொலருக்குக் கிட்ட. கனடாவில் இப்படியான அட்டைகளின் வட்டி பொதுவாக ஆண்டுக்கு 30 வீதத்தைத் தொட்டு நிற்கும். மூவாயிரத்துக்கு முதல் மாத வட்டியே சுமார் 75 டொலர். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் சோபாவின் விலை குறைவதே கண்ணுக்குத் தெரியாது. கனடா 2025 ஜனவரி 1 முதல் குற்றமாகக் கருதப்படும் வட்டி எல்லையை ஆண்டுக்கு 35 வீதமாகக் குறைத்தது. கடை அட்டைகள் அந்தக் கோட்டுக்கு ஒரு எட்டு உள்ளே நின்றுகொண்டு முழுச் சட்டபூர்வமாகவே இயங்குகின்றன. அமெரிக்காவில் இவற்றின் வட்டி 30 வீதத்தைத் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே நிறுவனம் 2025 மார்ச்சில் நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. ஜூன் தொடக்கத்துக்குள் அதன் கடைகள் எல்லாமே மூடப்பட்டுவிட்டன. அந்தக் கடையின் பெயரில் மாஸ்டர்காட் வைத்திருந்தவர்களில் ரொறன்ரோத் தமிழர்களும் இருந்தார்கள். முந்நூற்றைம்பது வருடக் கடை இல்லாமல் போனது. ஆனால் அட்டையில் இருந்த கடன் போகவில்லை, ஏனென்றால் கடன் கொடுத்தது கடை அல்ல, பின்னால் இருந்த நிதி நிறுவனம். கடையின் பெயர் முன்னால் தொங்கும் பலகை மட்டுமே என்பது பலருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஈக்விபக்ஸின் பிறப்பைத் தேடிப்போனால் நமக்குப் பழக்கமான ஒரு பொருள் தட்டுப்படும்: கடைக் கடன் கொப்பி. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் கேட்டர் வூல்ஃபர்ட் என்பவர் பலசரக்குக் கடைக்காரர் சங்கத்துக்காக, எந்த வாடிக்கையாளர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார், எவர் கட்டுவதில்லை என்று ஒரு பட்டியல் தொகுத்தார். அதை வியாபாரமாக்கி 1899இல் அவரும் சகோதரரும் அட்லாண்டாவில் தொடங்கிய நிறுவனம்தான் பிற்காலத்தில் ஈக்விபக்ஸ் ஆனது. தீவுப்பகுதி ஆட்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கொழும்பிலும் தென்னிலங்கைச் சிறு நகரங்களிலும் கடை வைத்திருந்த எங்கள் தாத்தாமாரிடமும் அப்படியொரு கொப்பி இருந்தது. 1983இல் கடைகளோடு சேர்ந்து அவற்றில் எத்தனையோ எரிந்தன. ஆனால் அந்தக் கொப்பியில் ஒரு வசதி இருந்தது. கணவன் கடலில் போய் ஒரு மாதம் காசு வரவில்லை என்றால் முதலாளிக்கு அது தெரியும். கொப்பியில் எழுதாத காரணமும் அவர் தலைக்குள் இருக்கும். எண்ணாக மாறும்போது முதலில் உதிர்வது அந்தக் காரணம்தான்.

இனி இங்கே வருவோம்.

ஊரில் எல்லோரும் "கிரிப்" என்று சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தென்னாசியாவில் இந்த வகையில் முதலாவது. மத்திய வங்கிதான் இதில் பெரும் பங்குதாரர். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மற்ற உறுப்பினர்கள். அவர்கள் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் விபரத்தை மாதாமாதம் அனுப்புகிறார்கள், புதிதாக யாராவது கடன் கேட்டால் அங்கிருந்து அறிக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். தீவுகளில் நான் பேசிய அத்தனை பேரும் "கிரிப்பில பேர் விழுந்திட்டுது" என்றுதான் சொன்னார்கள், பொலிஸில் பெயர் விழுந்ததுபோல. உண்மையில் அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பதும் கிரிப் அல்ல, வங்கி. "கிரிப்பில பிரச்சினை" என்ற வசனம் வங்கி அதிகாரிக்கு வசதியானது, அவ்வளவுதான். மறுப்பைச் சொன்னவர் தான் அல்ல என்ற மாதிரி ஒரு தோற்றம் அதில் வருகிறது.

அந்த அறிக்கையில் மூன்று விடயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, ஒவ்வொரு கடனிலும் எத்தனை நாள் நிலுவை என்பது முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று பிரித்துக் காட்டப்படும். இரண்டு, அண்மையில் எந்தெந்த நிறுவனங்கள் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தன என்பதும் அதில் இருக்கும். நாலு லீசிங் கொம்பனியில் ஒரே மாதம் விண்ணப்பித்தால் அந்த நாலும் ஐந்தாமவர் கண்ணில் படும். மூன்றாவது, எங்கள் ஊர்களில் ஆட்களைச் சறுக்கி விழுத்துவது: நீங்கள் எடுத்த கடன் மட்டுமல்ல, நீங்கள் பிணை நின்ற கடனும் அதில் இருக்கும்.

தம்பியின் கனடாக் கணக்கு இங்கே பொருந்தாது. அங்கே பாவிக்காத எல்லை ஒரு சொத்துப்போல எண்ணப்படுகிறது. இங்கே ஒரு கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது பாவிக்காமல் வைத்திருக்கக்கூடிய அட்டை அல்ல, கையில் காசாகவோ பொருளாகவோ வந்து அடுத்த கிழமையே தவணை தொடங்கும் கடன். நாலு சின்னக் கடன் எடுத்தால் நாலு தவணை. வங்கி முகாமையாளர் பார்ப்பது உங்கள் மாத வருமானத்தில் எவ்வளவு ஏற்கெனவே தவணைக்குப் போகிறது என்பதை. நாலு புதுத் தவணையோடு போனால், ஐந்து இலட்சம் கேட்ட இடத்தில் இரண்டு இலட்சமும் கிடைக்காது. ஏற்கெனவே நிலுவை விழுந்த ஒரு கடனின் பதிவைப் புதுக் கடன் எதுவும் அழிக்காது. யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்யும் நண்பரிடம் தரகரின் யோசனையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அந்த நாலு கடனிலயும் ஆருக்குக் கொமிஷன் எண்டு கேட்டனீங்களோ?" என்றார்.

எண்ணை எப்படித் திருத்துவது என்ற கேள்வியோடு மட்டும் நின்றுவிட்டால், எங்கள் ஊர்களில் இவ்வளவு கடன் எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடும்.

தீவுப்பகுதி 1990 ஓகஸ்டிலேயே இராணுவத்திடம் போனது. ஊர்காவற்றுறை, வேலணை, புளியங்கூடல் எங்கும் ஆட்கள் வெளியேறினார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு, வராதவர்களின் வீடுகள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. 2009 மேயில் போர் முடிந்து ஏ9 பாதை முழுமையாகத் திறந்ததும் வடக்குக்கு முதலில் ஓடிவந்தவை வங்கிக் கிளைகளும் லீசிங் கொம்பனிகளும் இலத்திரனியல் கடைகளும். இருபது வருடம் மின்சாரம் ஒழுங்காக இல்லாத, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த ஒரு சமூகத்தின் முன்னால் குளிர்சாதனப் பெட்டியையும் ரிவியையும் "முற்பணம் இல்லை" என்ற பலகையோடு வைத்தார்கள். வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்து பட்டணத்துக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் வேண்டும். மீன் கெடாமல் இருக்கப் பெட்டி வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் தண்ணீர் காவவும் வாகனம் வேண்டும்.

பிறகு வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபா. சாமான் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் காசு பலருக்குக் கூரை மட்டத்தோடு முடிந்துவிட்டது. மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போனது, அதற்குப் பிறகு குழுக்கடன் வந்தது. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. கிழமைக்கு ஒருமுறை வீட்டு வாசலில் வசூல். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. தம்பியின் ஐந்து அட்டையை எங்கள் பெண்கள் பத்து வருடத்துக்கு முன்னரே வேறு வடிவத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். யாரும் அதற்கு "வித்தை" என்று பெயர் வைக்கவில்லை.

அது எங்கே போய் முடிந்தது என்பது பதிவில் உள்ளது. 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, போரால் பாதிக்கப்பட்ட இடங்களில் பெண்கள் பல நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் கடன்பட்டிருப்பதையும், வசூலிக்க வருபவர்களின் தொல்லையையும், அதில் பாலியல் இலஞ்சம் கேட்கப்படுவதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஒழுங்குபடுத்தப்பட்ட நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. 35 வீதம் என்பது நிவாரணமாகப் பேசப்பட்ட காலம் அது. கனடாவில் அதே எண் குற்றத்தின் எல்லைக்கோடு. 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தெற்குப் பெண்ணுக்கும் வடக்குப் பெண்ணுக்கும் ஒரே லோன்காரர்தான் என்பது அப்போது கொழும்புப் பத்திரிகைகளுக்கும் தெரிந்தது.

நுண்நிதிக்கென்று 2016இல் 6ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் அதன் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற கொம்பனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து கடன் கொடுப்பவர்களில் பலர் எந்த மேற்பார்வைக்குள்ளும் வராதவர்கள். அவர்களிடம் பட்ட கடன் கிரிப்பில் தெரியாது. அவர்களுக்கு ஒழுங்காகக் கட்டிய வரலாறும் தெரியாது. நூறு கிழமை தவறாமல் கட்டிய ஒரு பெண்ணின் நேர்மை எந்த ஏட்டிலும் ஏறாமல் காற்றோடு போய்விடுகிறது. தரகர்கள் நுழைவது இந்த இடைவெளிக்குள்தான். "உங்களுக்கு ரெக்கோட் இல்லை, நாங்கள் போட்டுத் தாறம்" என்கிறார்கள்.

2022 எல்லாவற்றையும் இன்னும் இறுக்கியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாலு நாள் கழித்து நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. 2020இல் 18 வீதமாக மட்டுப்படுத்தப்பட்டிருந்த கடனட்டை வட்டி, கட்டுப்பாடு நீங்கியதும் 36 வீதம் வரை போனது. யாழ்ப்பாண நகரத்தில் சம்பளக்காரர் பலர் "வட்டியில்லாத் தவணை" என்ற பெயரில் இரண்டு மூன்று வங்கி அட்டைகளில் போனும் மடிக்கணினியும் எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு தவணை தவறினால் மிச்சத் தொகை வழமையான வட்டிக்குப் போய்விடும் என்ற சிறிய எழுத்தை அப்போதுதான் படித்தார்கள். இப்போது கோகோ, மின்ட்பே போன்ற செயலிகளில் மூன்று தவணை முறை வந்திருக்கிறது. இளையவர்கள் அதைக் கடன் என்றே நினைப்பதில்லை. நாடே தன் பழைய கடனைக் கட்டப் புதுக்கடன் எடுத்துத்தான் அந்த இடத்துக்கு வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எண்களின் உலகம் வேண்டாம், பழைய சீட்டே போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சீட்டு நல்லதுதான். ஸ்காபரோவிலும் இன்றுவரை ஓடுகிறது. ஆனால் சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாகக் காணாமல்போன கதை ஒன்று இல்லாத ஊர் எங்களிடம் இல்லை. கிரிப் போன்ற ஒரு ஏற்பாடு சரியாக வேலை செய்தால், ஏழு இடத்தில் கடன்பட்டவருக்கு எட்டாவது கடனைத் தள்ளிவிடும் முகவரை அது தடுக்கவேண்டும். 2010களில் வடக்கில் அது நடக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் பலர் ஏட்டைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கொடுத்தார்கள். ஏடு கண்டிப்பாக இருந்தது கடன் வாங்கியவரிடம் மட்டும். ஐந்து கடனை அள்ளிக் கொடுத்த நிறுவனத்துக்கு எந்த ஸ்கோரும் இல்லை.

கூட்டுறவுச் சங்கங்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியவில்லை. வடக்கின் சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் ஒரு காலத்தில் அங்கத்தவரை முகம் தெரிந்து, தொழில் தெரிந்து கடன் கொடுத்தவை. மீன் சீசன் எப்போது, பனை எப்போது பலன் தரும் என்று தெரிந்து தவணை வைத்தவை. அந்தச் சங்கங்களில் கட்டிய வரலாறு ஒரு வங்கி ஏற்கும் சான்றாக மாறினால், புளியங்கூடல் பெண்ணுக்கு நாலு லீசிங் தேவைப்படாது. மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து வரும் காசு, தவறாமல் கட்டிய மின்பட்டியல், இவையும் ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லத்தான் செய்கின்றன. கடன் எடுத்தவருக்குத்தான் நம்பிக்கை வரலாறு உண்டு, கடனே எடுக்காமல் வாழ்ந்தவருக்கு இல்லை என்ற ஏற்பாட்டில் எங்கோ கோணல் இருக்கிறது. தம்பி ஐந்து அட்டை எடுத்ததும் அந்தக் கோணலால்தான். அதை அவருடைய முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது.

அக்காவின் கதைக்கு வருகிறேன். எவரும் தன்னுடைய கிரிப் அறிக்கையைத் தானே கேட்டுப் பெறலாம். கட்டணம் சிறியது, வங்கி ஊடாகவும் இணையத்திலும் எடுக்கலாம். இந்த உரிமை இருப்பது நான் சந்தித்த பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அவருடைய மகளின் போனில் விபரம் பார்த்து, பட்டணத்துக்குப் போய் அறிக்கையை எடுத்து வந்தார். அடுத்த ஞாயிறு அதே விறாந்தையில் இருந்து இரண்டு பேருமாக வரிவரியாகப் பார்த்தோம்.

குளிர்சாதனப் பெட்டித் தவணை முடிந்திருந்தது, நிலுவை இல்லை. குழுக்கடன் ஒன்று முடிந்திருந்தது. அதில் ஒரு மாதம் மட்டும் முப்பது நாளுக்குள் பிந்தியிருந்தது. "அது அம்மா செத்த மாசம்" என்றார். அவருடைய சொந்தப் பெயரில் வேறு எதுவும் இல்லை. கீழே, பிணை நின்ற கடன்கள் என்ற பகுதியில் ஒரே ஒரு வரி இருந்தது. மோட்டார் சைக்கிள் லீசிங். நிலுவை தொண்ணூறு நாளுக்கு மேல்.

அக்கா கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் தங்கையின் மகன் கையெழுத்துக் கேட்டு வந்தது நினைவுக்கு வந்தது. வாகன இறக்குமதி நின்று பழைய மோட்டார் சைக்கிளே பொன் விலைக்குப் போன காலம் அது. "சும்மா ஒரு ஒப்பம்தான் பெரியம்மா" என்று சொன்னானாம். இப்போது அந்தப் பொடியன் கட்டாரில். மோட்டார் சைக்கிள் அவனுடைய நண்பனிடம்.

"அப்ப நாலு லோன் எடுத்தாலும் இந்த வரி போகாது, என்ன?"

"போகாது அக்கா. நிலுவையைக் கட்டினால்தான் அது மாறும்."

எவ்வளவு நிலுவை என்று பார்த்தார். ஐந்து இலட்சத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை. போனை எடுத்துத் தங்கையை அழைத்தார். எடுக்கவில்லை. பிறகு கட்டார் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார். ஸ்காபரோவிலிருந்து இடையில் ஒரு குரல்செய்தி வந்து கிடந்தது. தளபாடக் கடை அட்டையை முடிக்க ஆயிரம் டொலர் குறைகிறது, அங்கே சீட்டுக் காசு ஏதாவது விழுந்ததா என்று தம்பி கேட்டிருந்தார்.